பாதிரியார்களும் பதினாறரை மில்லிமீட்டரும்

1907-ல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் ஊருக்கு கிரேட் சென்ட்ரல் ரயில்வே ஒரு கிளைப் பாதை போட்டு ரயில் விட்டுக்கொண்டிருந்தது என்ற சேதி எந்த வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினாலும் கிடைக்காது. அந்தக் கம்பெனி அந்த ஊரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பாதைக்கு டைம்டேபிள் உண்டு. சிக்னல் கம்பங்கள் உண்டு. ரயில் கிளம்பும் முன் அடுத்த ஸ்டேஷனுக்கு மணியடித்து அனுமதி கேட்கும் சம்பிரதாயம்கூட உண்டு. எல்லாம் பீட்டர் டென்னி என்ற பாதிரியார் வீட்டில், பலகை மேல்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் டென்னி இந்தக் குட்டி ‘மாதிரி ரயில்’ பாதையைத் தொடங்கினார். பக்கிங்ஹாமுக்கு உண்மையில் ரயில் விட்டது வேறொரு கம்பெனி. அதனால் என்ன? கிரேட் சென்ட்ரலின் பெரிய பாதை சில மைல் தள்ளித்தானே போகிறது, ஒரு கிளை பிரிந்து வந்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும் என்று யோசித்தார். விரித்துவிட்டார். ஆண்டும் அவர் தேர்ந்தெடுத்ததுதான். 1907-ல் இன்ஜின்கள் பளபளவென்று இருந்தன, சீமாட்டிகள் பெரிய தொப்பி போட்டார்கள், உலகப் போர் என்ற ஒன்று நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. டென்னி அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் ஊரில் கடிகாரம் எவ்வளவு சுற்றினாலும் காலண்டரில் தாள் கிழியாது.

இதைப் பொய் வரலாறு என்று முகம் சுளிப்பவர்கள் கிரேட் சென்ட்ரலின் மெய் வரலாற்றை ஒருமுறை பார்க்க வேண்டும். அதன் தலைவர் சர் எட்வர்ட் வாட்கினுக்கு மான்செஸ்டரில் ஏறி பாரிஸில் இறங்க வேண்டும் என்று ஆசை. நடுவில் கடல். அதற்கென்ன, அடியில் தோண்டுவோம் என்று 1880-களின் தொடக்கத்தில் சுரங்கம் வெட்ட ஆரம்பித்தார். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் போன பிறகு, இந்த ஓட்டை வழியாகப் பிரெஞ்சுப் படை வந்துவிடும் என்று ராணுவத்துக்குக் குளிர் கண்டது. வேலை நின்றது. சரி, கீழே போகத்தானே தடை, மேலே போகலாமே என்று வெம்ப்ளியில் ஈஃபிள் கோபுரத்தைவிட உயரமாக ஒரு கோபுரம் எழுப்பக் கிளம்பினார் மனிதர். முதல் தட்டு வரை எழும்பியது. பிறகு பணம் தீர்ந்தது, அஸ்திவாரம் இறங்கியது, கடைசியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தகர்த்த ஆண்டு 1907. வாட்கினின் கம்பெனிக்கு முன்பு இருந்த பெயரின் முதலெழுத்துகளை விரித்து, ‘போட்ட பணம் போச்சு’ என்கிற அர்த்தத்தில் ஊரார் கிண்டல் செய்துவந்தார்கள். 1899-ல் லண்டன் வரை பாதை வந்து சேர்ந்தபோது, மேரிலபோன் ஸ்டேஷன் எதிரே ஓட்டல் கட்டக்கூடக் கையில் காசில்லை. வேறொரு கனவான் கட்டினார்.

வரலாற்றின் லட்சணம் இதுவென்றால், அதைத் திருத்தி எழுத ஒரு பாதிரியாருக்கு உரிமை இல்லையா? டென்னியின் கிரேட் சென்ட்ரலில் யாரும் கடலைத் தோண்டவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது. 1964-ல் உண்மையான பக்கிங்ஹாம் ஸ்டேஷனில் பயணிகள் ரயிலை நிறுத்தி மூடிய பிறகும் அவருடைய பக்கிங்ஹாமில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஓட்ட ஆள் வேண்டுமே? ஒரு ஸ்டேஷனை அப்பா கவனித்தார், அடுத்த ஸ்டேஷனான கிராண்ட்பரோ ஜங்ஷன் மகன் கிரிஸ்பின் பொறுப்பு. பிள்ளைகள் வளர்வார்கள். வளர்ந்த பிள்ளைக்கு 1907-ல் அப்படி என்ன வேலை? பையன் கைக்குக் கிடைக்காமல் போனால் மற்ற அப்பாக்கள் புலம்புவார்கள். டென்னி ஒரு இயந்திரம் செய்தார். வீட்டுக்கு வீடு கணினி வராத காலம் அது. இங்கே மணியடித்தால் இயந்திரம் அங்கிருந்து பதில் மணி அடிக்கும். அனுப்பிய ரயிலை வாங்கிக்கொள்ளும். முறை வந்ததும் திருப்பி அனுப்பும். அதற்கு ‘தானியங்கி கிரிஸ்பின்’ என்று பெயர் வைத்தார். எதிர்ப்பேச்சு என்ற ஒரு வசதி மட்டும் அதில் இல்லை. அசல் கிரிஸ்பின் இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது குடும்ப விவகாரம், நாம் தலையிட வேண்டாம்.

பாதிரியார் என்றதும் ஏதோ ஒரு விசித்திர மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் மாதிரி ரயில் உலகில் தடுக்கி விழுந்தால் ஒரு பாதிரியார் மேல்தான் விழ வேண்டும். ஸ்காட்லாந்தில் எட்வர்ட் பீல் இந்தக் கலைக்கு இலக்கண நூல்களே எழுதினார். கேட்பி என்ற சிற்றூரில் டெடி பாஸ்டன் மாதிரியோடு திருப்தி அடையாமல், பாதிரியார் இல்லத் தோட்டத்திலேயே நிஜ நீராவி இன்ஜினைக் கொண்டுவந்து ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் ஓய்வு, வாடகை இல்லாத பெரிய வீடு, இவ்வளவு கோளாறான உலகத்தை ஆறே நாளில் அவசரமாக முடித்திருக்க வேண்டாமே என்று சொல்லவும் முடியாத, விழுங்கவும் முடியாத ஒரு மனக்குறை. வேறென்ன வேண்டும்?

இனி அந்தப் பதினாறரை மில்லிமீட்டர். இது ஒரு பாவத்தின் கதை. ஜெர்மனியின் பிங் கம்பெனி 1922-ல் சாப்பாட்டு மேசைக்குள் அடங்கும் குட்டி ரயிலைக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்த ஆங்கிலேய மூளை ஹென்றி கிரீன்லி. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அந்தத் தண்டவாளத்துக்குப் பொருந்தும் அளவில் பிரிட்டிஷ் இன்ஜினைச் செய்தால், அதன் வயிற்றுக்குள் அன்றைய மோட்டார் நுழையாது. பிரிட்டனின் இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒல்லி. யோக்கியமானவர்கள் என்ன செய்வார்கள்? மோட்டாரைச் சிறிதாக்கப் பார்ப்பார்கள், அல்லது தண்டவாளத்தை அகலமாக்குவார்கள். இவர்கள் இன்ஜினை மட்டும் ஊதிப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தைத் தொடாமல் விட்டார்கள். விளைவு, இன்ஜின் 76-ல் ஒரு பங்கு, அதன் காலுக்கடியில் இருப்பது 87-ல் ஒரு பங்கு. நியாயமாக 18.83 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் இங்கிலாந்தின் நாலடி எட்டரை அங்குலப் பாதை இந்த உலகத்தில் நாலடி ஒன்றரை அங்குலமாகச் சூம்பிப்போயிருக்கிறது. 1938-ல் ஹார்ன்பி டப்ளோவும் அதே அளவில் வர, பாவம் சம்பிரதாயமாகிவிட்டது.

இதன் அழகு என்னவென்றால், 1934-ல் இந்தப் பெட்டியின் கூரை வெள்ளையா சாம்பலா என்று இரண்டு மணி நேரம் சண்டை போடுபவர், அதே பெட்டி ஏழு அங்குலம் குறுகிய பாதையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே இல்லை. பொறுக்காதவர்களும் இருந்தார்கள். டென்னி 18 மில்லிமீட்டருக்குத் தாவினார். 1960-களில் ஒரு குழு அதுவும் போதாது, 18.83-தான் வேதம் என்று கிளம்பியது. இன்றுவரை மூன்று பிரிவாரும் வடகலை, தென்கலை போலத்தான்: சாமி ஒன்று, பிரசாதம் ஒன்று, நாமம் மட்டும் வேறு.

அளவுக் கோளாறு தண்டவாளத்தோடு நின்றால் பரவாயில்லை. இந்த உலகத்தில் ஒரு மைல் என்பது 21 மீட்டர். படுக்கையறையில் 21 மீட்டர் எங்கே இருக்கிறது? எனவே ஊரிலிருந்து கிளம்பிய ரயில் சுவரில் ஒரு ஓட்டை வழியாக நுழைந்து மறைகிறது. திரைக்குப் பின்னால் ஒரு பலகை. ஃபிடில் யார்டு என்பார்கள். அந்தப் பலகைதான் லண்டன், மான்செஸ்டர், மிச்ச உலகம் எல்லாம். லண்டன் எக்ஸ்பிரஸ் அங்கே போய் நிற்கும், ஒரு ராட்சதக் கை அதைத் தூக்கித் திருப்பி வைக்கும், லண்டனிலிருந்து வந்துவிட்டது. பயணம் மூன்றே நொடி என்பதால் சிலர் கடிகாரத்தையும் பல மடங்கு வேகமாக ஓடவைக்கிறார்கள். கிராமத்து பிளாட்பாரத்தில் பசையால் ஒட்டப்பட்ட பயணி மட்டும் எந்த ரயிலிலும் ஏறுவதில்லை. பொறுமைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்த மாதிரித் திருட்டுத்தனங்கள் எதையும் சகிக்காத ஒருவரும் இருந்தார். ராய் இங்கிலாந்து. குடும்பப் பெயர்தான் இங்கிலாந்து, பிறந்து வளர்ந்தது ஆஸ்திரேலியா. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே மேல் கொண்ட காதலால் 1925-ல் கப்பலேறி வந்தார். வந்து பார்த்தால் உள்ளூர்க்காரர்கள் கூரை வேய்ந்த பழைய வீடுகளைப் பிரித்து, கண்டதையும் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒழுகாத வீடு வேண்டும். இவருக்கு ஒழுகும் இங்கிலாந்து வேண்டும். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் ஒவ்வொரு வீடாக அளந்து, படமெடுத்து, கைக்குள் அடங்கும் அளவில் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். 1954-ல் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இடம் வாங்கி நிறுவியதுதான் பெண்டன் அருங்காட்சியகம். 1930-கள் வாக்கில் ஆக்ஸ்போர்டு பக்கத்து கிராமப்புறம் எப்படி இருந்ததோ அப்படியே, ஓடு, செங்கல், பூந்தோட்டம் உட்பட அங்கே இருக்கிறது. ஒரு குடிசை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். நிஜக் குடிசையைக் கட்டிய கொத்தனார் இதைக் கேட்டால் மயங்கி விழுவார். தண்டவாளம்? 16.5 அல்ல, 18 மில்லிமீட்டர். 18.83 கட்சிக்காரர்கள் அங்கே போனாலும் பெருமூச்சு விடுவார்கள்.

அதே அருங்காட்சியகத்தில்தான் ஜான் ஏஹெர்னின் மேடர் பள்ளத்தாக்கும் வந்து சேர்ந்தது என்பது வேடிக்கை. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க முழுக்கக் கற்பனை, ஊர்ப் பெயர்களெல்லாம் சிலேடை. மெய்யும் பொய்யும் ஒரே கூரையடியில் நிற்க, வருகிறவர்கள் இரண்டையும் ஒரே ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர். கலிபோர்னியாவின் மாண்டெரேயில், தரையிலிருந்து கூரை வரை மலையும் பள்ளத்தாக்கும் எழுப்பி அதற்குள் ரயில் விட்டார். அதுவரை மாதிரி ஊர்கள் எல்லாம் கல்யாண வீடு போல் துடைத்து வைத்திருக்கும். ஆலன்தான் துரு, புகைக்கரி, பெயர்ந்த சுண்ணாம்பு, குப்பைத் தொட்டி என்று அழுக்கைக் கலையாக்கியவர். இடம் போதாத இடத்தில் கண்ணாடி வைத்துப் பாதி ஊரை இரட்டிப்பாக்கினார். இவ்வளவு யதார்த்தம் பார்த்த மனிதர், பெட்டிகளை இழுக்கும் ஷண்டிங் வேலைக்கு வைத்திருந்தது ஒரு ஸ்டெகோசாரஸ். டைனோசர்தான். பெயர் எம்மா, எண் 13. இன்ஜின்களோடு இன்ஜினாக அதுவும் வேலை பார்த்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள் முன்னால் பின்னால் ஆகிவிட்டதே என்றால், நாலடி ஒன்றரை அங்குலக்காரர்களுக்குக் கேட்க என்ன யோக்கியதை? 1973 ஜனவரியில் ஆலன் மாரடைப்பால் இறந்தார். பத்து நாளில் தீப்பிடித்து அத்தனை மலையும் போயிற்று. அவர் எடுத்த படங்களில் மட்டும் அந்த மலைகள் மிச்சம்.

கடைசியாக, தாமஸ் இன்ஜின் கதைகள் எழுதிய வில்பர்ட் ஆட்ரி. அவரும் பாதிரியார்தான், சொல்ல வேண்டுமா. கதைகளில் ஒரு படத்தில் இருந்த தண்டவாளம் அடுத்த படத்தில் காணவில்லை என்று குழந்தைகள் கடிதம் எழுதித் துளைத்தார்கள். மனிதர் சோடர் என்று ஒரு தீவையே கண்டுபிடித்துவிட்டார். ஐல் ஆஃப் மேன் தீவின் ஆங்கிலிக்கன் பிஷப்புக்கு ‘சோடர் அண்ட் மேன்’ என்று பட்டம். மேன் இருக்கிறது, சோடர் எங்கே? பிஷப்பின் ராஜ்ஜியத்தில் பாதி காணாமல் போயிருப்பதை ஆட்ரி கண்டுபிடித்து மீட்டுக்கொடுத்தார். தம்பி ஜார்ஜோடு உட்கார்ந்து அந்தத் தீவுக்கு மலை, மன்னர்கள், புனிதர்கள் என்று சகலமும் எழுதினார். 1987-ல் தனிப் புத்தகமாகவே வந்தது. தீவின் ஃபார்குவார் கிளைப் பாதையை மாதிரியாகச் செய்து கண்காட்சிகளுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டினார்.

இதற்கிடையே நிஜ பிரிட்டனில் 1963-ல் ரயில்வே தலைவர் டாக்டர் பீச்சிங் ஓர் அறிக்கை கொடுத்தார். இரண்டாயிரத்து முன்னூறுக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்ன அறிக்கை. 1968 ஆகஸ்டோடு பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரிய பாதைகளில் நீராவி முடிந்தது. இன்ஜின்கள் பழைய இரும்புக்குப் போயின. அதே 1968-ல் வெளிவந்த ஆட்ரியின் புத்தகத்தில், உடைக்கப்படவிருந்த ஆலிவர் என்ற இன்ஜின் தப்பி ஓடி, சோடரில் அடைக்கலம் கேட்டது. கொடுத்துவிட்டார்கள். அரசாங்கச் சொத்தான ஒரு முழு இன்ஜினை ஒரு பாதிரியார் பட்டப்பகலில் கடத்திக்கொண்டுபோய், பச்சை வர்ணம் அடித்து வேலையும் கொடுத்திருக்கிறார். பிரிட்டிஷ் ரயில்வே கடைசிவரை புகார் கொடுக்கவில்லை.