துரையும் மசால்வடையும்

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் கடலூர் சாலையோரம் எந்த டீக்கடைக்குப் போனாலும் பெஞ்சுக் கோடியில் ஒரு பெருசு உட்கார்ந்திருப்பார். காக்கிச் சட்டையே போட்டறியாத துப்பறியும் பெருசு. சாதாரணச் சாவெல்லாம் அவருக்கு ஆகாது. செத்தவன் துரையாக இருக்க வேண்டும், அல்லது கொன்றவன் ஜமீனாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு வெட்டுக்குத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நமக்கு எதுக்குப்பா?" என்று குரலை இறக்கி, டீயை ஊத ஆரம்பித்துவிடுவார்.

1919 என்றால் மட்டும் பெஞ்சே அதிரும். சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் மாளிகை. அப்பா இல்லாத ஜமீன் வாரிசுகளை வெள்ளைக்கார அரசு அங்கே வைத்துத்தான் படிக்க வைத்தது. அவர்களை மேய்த்த டி லா ஹே துரையை அக்டோபர் 15 ராத்திரி, தூக்கத்திலேயே யாரோ சுட்டுவிட்டார்கள்.

"இதான் துரை." மசால்வடையைப் பேப்பர் துண்டின்மேல் படுக்க வைப்பார். "பேப்பரு, கட்டில். சக்கரை டப்பா, கடம்பூர் ஜமீன். டம்ளர், சிங்கம்பட்டி." டம்ளர் அப்ரூவராகிவிடும். டப்பா கூண்டில் ஏறும். வழக்கு மெட்ராஸிலிருந்து பம்பாய் ஹைகோர்ட்டுக்கு மாறும். அங்கே டப்பாவுக்கு விடுதலை. "அப்ப சுட்டது யாரு?" நாம் வாயைத் திறப்பதற்குள் துரையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து விழுங்கியிருப்பார். பிரேதமும் போச்சு.

அந்த வருஷம் அவருடைய அப்பாவுக்கே பல் முளைத்திருக்காது. ஆனாலும் யோசனை சொல்லாமல் விடமாட்டார். "நானா இருந்தா ராவோட ராவா இங்க வந்திருப்பேன். அப்ப இது பிரெஞ்சுக்காரன் ஊரு. மெட்ராஸ் போலீஸ் இன்னா பண்ணும்? 1908ல பாரதியாரே இங்கதான வந்தாரு!" பாவம், பாரதியையும் கேசில் சேர்த்தாயிற்று.

வழக்குச் செலவில் பட்ட கடனால்தான் சிங்கம்பட்டிக் காடு 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனி கைக்குப் போய், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமானது என்று சொல்வார்கள். பெருசுக்கு அது போதும். "நீ குடிக்கிற டீயில துரை ரத்தம் இருக்குதுடா" என்பார். எதிரே இருப்பவன் டம்ளரைக் கீழே வைத்துவிடுவான்.

கிளம்பும்போது மாஸ்டர் கணக்குச் சொன்னார்: "ஒரு டீ, ரெண்டு வடை."

"ஒண்ணுதான்."

"ரெண்டு" என்றார் வடை போடும் அக்கா, அடுப்படியிலிருந்தே. "மொதல்ல சொல்லும்போது ஒண்ணு, அந்தத் தம்பிக்காகத் திரும்பச் சொல்லும்போது ஒண்ணு."

பெருசு அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ரூவரு!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்தக் கடையில எனக்கு நியாயம் கெடைக்காது. கேச முருங்கப்பாக்கத்துக்கு மாத்து."