எட்டாங்கை வெளிச்சம்

1997-இல் நான் வாங்கிய கார் எட்டாங்கை. ஹெட்லைட் எரிகிறதா என்பது, இறங்கி முன்னால் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கவரைப்பேட்டையில் ஜி.என்.டி. சாலையை விட்டுச் சத்தியவேடு பக்கம் திரும்பினால் கும்மிருட்டு. தேர்வாய் கண்டிகை மேய்ச்சல் காட்டிலிருந்து பிந்தி வரும் மாடு, பானெட்டில் வாலை அடித்த பிறகே கண்ணில் படும். அந்த மங்கல் விளக்குக்கும், எதிரே வருபவர்களுக்குக் கண் கூசக் கூடாதென்று, மேல் பாதியில் கறுப்பு மை பூசியிருந்தேன்.

60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போட்டேன். வெளிச்சம் கூடவில்லை, ஹோல்டர்தான் உருகியது.

கும்மிடிப்பூண்டி எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட், பல்ப் முனையில் 10.5.

"மெல்லிசு ஒயர், தேஞ்ச ஸ்விட்ச், துருப்பிடிச்ச எர்த்து... எல்லாத்தையும் சுத்திட்டு வருது சார். ஆந்திரா கண்டலேறு அணையில தொறக்குற தண்ணி பூரா நம்ம பூண்டி ஏரிக்கு வந்துடுதா?"

1983-இல் ஒப்பந்தம் போட்ட கிருஷ்ணா நீர், 1996-இல்தான் முதன்முதலாகத் தமிழக எல்லையைத் தொட்டிருந்த நேரம். சட்டென்று புரிந்தது. வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடுமாம்.

"ரெண்டு ரிலே போட்டு, பேட்டரியிலேருந்து ஃபியூஸோட தடி ஒயர் நேரா இழுத்துடலாம். எர்த்து முனையைச் சுரண்டி முடுக்கிடலாம்."

"அடுத்த மாசம் வரேன்" என்றேன்.

அந்த அடுத்த மாசம் போன வருஷம் வந்தது. அவர் மகன்தான் வேலையைச் செய்தார். இப்போது பல்ப் முனையில் 12.1.

கிருஷ்ணா நீரும் தேர்வாய் கண்டிகைக்கே வந்துவிட்டது. அங்கே 2020-இல் திறந்த நீர்த்தேக்கம் 50 கோடி கன அடி கொள்ளும். மேய்ச்சல் நிலம் வேண்டுமென்று ஊர்க்காரர்கள் போராடிப் பார்த்த இடம், இப்போது 1,100 ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்கா. உயர்ந்த கம்பங்களில் ராத்திரி முழுக்கப் பகல். எதிரே கன்டெய்னர் லாரிகளின் வெள்ளை எல்இடி. இந்த வெள்ளத்தில் என் ஹெட்லைட் எரிகிறதா என்று மறுபடியும் இறங்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிப்காட்டைத் தாண்டியதும் ஒரு திருப்பம் மட்டும் இன்னும் இருட்டு. கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"ஏன் தாத்தா ஸ்லோ பண்றீங்க?"

"மாடு குறுக்க வரும்டா."

"எங்க?" என்று எட்டிப் பார்த்தான் பேரன். முந்நூறு அடி தூரத்துக்குச் சாலை பளிச்சென்று, காலியாகத் தெரிந்தது.