பன்னீராயிரம் வளையும் ஒரு எலியும்

எலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. அந்தப் போனைச் சித்த நேரம் கவுத்தி வை. "தாத்தா, படத்துக்குக் கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டாவ, இனி ஒரு பய நெட்டுல போட முடியாது"ன்னு குதிச்சிட்டு வந்தியே, அந்தத் தடை யாருக்குன்னு கேட்டியா? அசோக்குமாருக்கு!

எனக்குத் தெரிஞ்ச அசோக்குமார், 1941-ல பாகவதர் நடிச்ச படம். இவன் வேற ஆளு. கள்ளன் யாரு, எந்த ஊருன்னு தெரியலன்னா, நம்ம நாட்டுக் கோர்ட்டுல அவனுக்கு வைக்கிற பேருலே இது. வாதி, கோடி கோடியாப் போட்ட கம்பெனி. பிரதிவாதி, ஊரு பேரு தெரியாத அசோக்குமார். நோட்டீசை யாரு வீட்டுக் கதவுல ஒட்ட? நம்ம தெருக்கோடியில தையல் கடை வச்சிருக்கானே அசோக்குமாரு, டிவியில சேதியைப் பாத்துட்டு அவன் ஒழுங்காச் சாப்பிடவே இல்லையாம்.

2018 நவம்பர் நினைப்பிருக்கா? ரஜினி நடிச்ச '2.0' வரப்போவுது. லைக்கா கம்பெனிக்காரவ சென்னை ஐகோர்ட்டுக்குப் போனாவ. சும்மா போகல, 12,564 வெப்சைட்டு பேரை எழுதி எடுத்துட்டுப் போனாவ. அதுல ரெண்டாயிரத்துக்கு மேல, களவுப் படம் போடுற தமிழ் ராக்கர்ஸ் ஒருத்தனுக்கே சொந்தமாம். கோர்ட்டும் 37 இன்டர்நெட் கம்பெனிகளைக் கூப்பிட்டு அம்புட்டையும் முடக்குன்னு சொல்லிச்சு. 29-ஆம் தேதி படம் வந்துச்சு. அன்னைக்கே கள்ளப்படமும் வந்துச்சு. எப்படிலே? பட்டியல் எழுதுன குமாஸ்தா கடைசிப் பேருக்கு வரதுக்குள்ள, முதல் பேருக்காரன் வாலை மாத்தி வேற பேருல கடை விரிச்சிருப்பாம்லா.

எலி பிடிக்கணும்னா என்ன செய்வோம்? வரப்புல எத்தனை வளை இருக்குன்னு எண்ணிக் கணக்கெடுத்து, தாசில்தார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டா அடைக்கப் போவோம்? ஒரு வளையில புகையைப் போட்டுட்டு, எலி வெளிய வர்ற வாயில கம்போட உக்காருவோம். அம்புட்டுதான் விசயம். ஆனா கம்போட உக்காந்தா பேப்பர்ல போட்டோ வராதே!

சும்மா சொல்லப்படாது, கோர்ட்டும் யோசிச்சுது. கள்ளன் பேரை மாத்தினா ஒவ்வொரு தடவையும் புதுசா கேஸ் போட வேண்டாம், மனு ஒண்ணு குடுத்துப் புதுப் பேரையும் பழைய உத்தரவுலயே சேத்துக்கோன்னு 2019-ல டெல்லி ஐகோர்ட்டு வழி பண்ணிச்சு. நல்ல ரோசனைதான். கள்ளனுக்குப் பேரு மாத்த ரெண்டு நிமிசம். நமக்கு மனு டைப் அடிச்சு, திருத்தி, முத்திரை குத்த எம்புட்டு நேரம்? நீயே கணக்குப் போட்டுக்கோ.

'3' படக் கதை இன்னும் தமாசு. 2011 நவம்பர்ல அந்தப் படத்து 'கொலவெறி' பாட்டோட அரைகுறை வடிவம் நெட்டுல கசிஞ்சு போச்சு. கசிஞ்சது கசிஞ்சாச்சுன்னு கம்பெனிக்காரவளே முழுப் பாட்டையும் யூடியூப்ல ஓசியா விட்டாவ. பாட்டு கடல் தாண்டிப் போச்சு. அப்போ நெட்டு இனிச்சுது. 2012-ல படம் வரும்போது அதே நெட்டு கசந்துச்சு. பழையபடி அசோக்குமார் மேல உத்தரவு. இன்டர்நெட் கம்பெனிக்காரனுவ மிரண்டு போயி, விமியோ, டெய்லிமோஷன்னு கடையையே மொத்தமாச் சாத்திட்டானுவ. பேரன் காதுகுத்து வீடியோவைப் போட்டு வச்சிருந்தவனும் தெருவுல நின்னான். அப்புறம் ஜூன் மாசம் கோர்ட்டே, "முழு வெப்சைட்டையும் சாத்தச் சொல்லலப்பா, களவுப் படம் கெடக்கிற அந்த முகவரியை மட்டும்தான்"னு விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு.

இப்ப இந்தத் தடை ஒரு கவுரவமால்லா ஆயிப்போச்சு! டீசர், டிரைலர், பாட்டு வெளியீடு, அப்புறம் கோர்ட்டுத் தடை. வரிசை தப்பாது. பெரிய நடிகர் படத்துக்கு ஆயிரக்கணக்குல வெப்சைட்டை முடக்கினதாச் சேதி வரணும். வரலன்னா அது சின்னப் படம்னு அர்த்தம். சின்னப் படம் எடுத்தவன் பாடு இருக்கே, தியேட்டரும் கிடைக்காது, தடை வாங்கக் காசும் கிடையாது. "நம்ம படத்தை எவனாவது களவாண்டானா?"ன்னு ஏக்கத்தோட தேடிப் பாக்குதானாம். கள்ளன்கூடச் சீந்தலன்னா அந்த வயித்தெரிச்சலுக்கு எந்தக் கோர்ட்டுலே உத்தரவு போடும்?

சட்டத்துக்குக் குறைச்சலா? 2004-ல திருட்டு விசிடிக்காரனையும் குண்டர் சட்டத்துல சேத்தாவ. கள்ளச்சாராயம் காச்சுதவனும், சூர்யா படத்தைச் சீடியில ஏத்துதவனும் ஒரே கொட்டடி. திருட்டு விசிடி அதனாலயா செத்துச்சு? சீடி போடுற பெட்டியே செத்துப் போச்சுலே!

2023-ல சினிமாச் சட்டத்தைத் திருத்தினாவ. தியேட்டர்ல களவா எடுத்தாலும் பரப்பினாலும் மூணு மாசத்துல இருந்து மூணு வருசம் வரைக்கும் ஜெயில். அபராதம் மூணு லட்சத்துல ஆரம்பிச்சு, படத்தோட மொத்தத் தயாரிப்புச் செலவுல நூத்துக்கு அஞ்சு வரைக்கும் போவும். ஐநூறு கோடிப் படம்னா இருபத்தஞ்சு கோடி. மொத வரிசையில செல்போனை மறைச்சு வச்சிருக்க பய அதுக்கு எங்கன போவான்? அது கெடக்கட்டும். சட்டத்துல ஒரு பொடி இருக்கு, கவனி. அந்தச் செலவு, தணிக்கை செஞ்ச கணக்குப்படி இருக்கணுமாம்! போஸ்டர்ல முந்நூறு கோடின்னு போட்டிருப்பாவ. ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட நோட்டுல எம்புட்டு இருக்கும்? கள்ளனுக்கு அந்த நூத்துக்கு அஞ்சு அபராதம் போடணும்னா மொதலாளி அந்த நோட்டை வெளிய எடுத்தாகணும். பாதிப் பேரு, "போனாப் போறான், கள்ளனை விட்ருங்க சாமி"ன்னு சொல்லிருவாவளோன்னு எனக்கு ஒரு சம்சயம்.

சரி, கம்போட உக்காந்தவன் எவனுமே இல்லையான்னு கேக்கே. இருக்கான். 2024 ஜூலை, திருவனந்தபுரம். அதுக்கு முந்தி ஒரு மலையாளப் படத்தை அங்கன உள்ள ஒரு தியேட்டர்ல வச்சுத்தான் களவா எடுத்தாவன்னு கேரளா போலீசுக்குத் துப்பு கிடைச்சிருக்கு. அங்கனயே கண்ணு வச்சாவ. தனுசோட 'ராயன்' ஓடிட்டு இருக்கும்போது செல்போன்ல எடுத்துட்டிருந்தவனைச் சீட்டுலயே அமுக்கிட்டாவ. பன்னீராயிரம் பேரை எழுதல, ஒரு தியேட்டரைப் பாத்தாவ. இப்ப டிஜிட்டல் படத்துல கண்ணுக்குத் தெரியாத குறி வேற இருக்கு. களவுப் படத்தை வச்சே எந்தத் தியேட்டர், எந்த நேரம்னு சொல்லிப்பிடலாமாம். அப்புறம் என்ன? நம்ம தியேட்டர் வாசல்ல இருந்தே ஆரம்பிக்கலாம்லா? ஆனா தியேட்டர்காரரைப் பகைக்கணுமே! முகம் தெரியாத அசோக்குமாரைப் பகைக்கது சொகம்.

வியாபாரத்தையும் கொஞ்சம் யோசிக்கணும். டைரக்டர் சேரன் 2015-ல ஒரு வேலை பாத்தாரு. தன் படத்தை அம்பது ரூபா டிவிடியாப் போட்டு வீட்டுக்கே அனுப்புதேன்னாரு. கள்ளன் குடுக்கிறதை நாமளே ஒழுங்காக் குடுத்தா என்னங்கிற கணக்கு. அது நிலைக்கல. பின்னால வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஓடிடின்னு கொண்டாந்து அதே கணக்குல வீட்டுக்கு வீடு சந்தா வாங்குதான். நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல தியேட்டர் எல்லாம் கல்யாண மண்டபம் ஆயாச்சு. படம் பாக்கணும்னா டவுனுக்குப் போவணும். அங்கன அரசாங்கம் வச்ச விலை ஒண்ணு, முதல் நாள் விலை இன்னொண்ணு. சரக்கைக் கைக்கு எட்டாத இடத்துல வச்சுட்டுக் கள்ளனைத் திட்டினா ஆச்சா?

கடைசியில ஒண்ணு செஞ்சாவ பாரு, அதுதான் சாமர்த்தியம். 2022-ல ஏவிஎம்காரவ 'தமிழ் ராக்கர்ஸ்'னு கள்ளன் பேருலயே தொடர் எடுத்துச் சோனி லிவ்ல விட்டாவ. அதை நீ எங்கன பாத்தே? சரி சரி, சொல்ல வேண்டாம்.

மொதலாளிமாரைக் கேலி பண்ணிட்டேன்னு நீ பல்லைக் காட்டாதே. உனக்கும் இருக்கு. தவணையில வாங்கின போனு, விலை லட்சத்துக்கு மேல. அதுல நீ பாக்கது என்ன? முன் சீட்டுக்காரன் மண்டை, எவனோ ஒருத்தன் இருமல், நடுவுல சூதாட்ட விளம்பரம். கதாநாயகன் ஊழலை ஒழிக்கும்போது மட்டும் களவுப் படத்தைப் பாத்துட்டே கண்ணு கலங்குதே. லைட்மேன், தையக்காரன், சாப்பாடு பரிமாறுதவன்னு எத்தனை பேரு கூலி அதுல கெடக்குன்னு தோணல. சில வாரம் பொறுத்தா ஓடிடியில வரப்போவுது. பொறுக்க முடியலன்னா டிக்கெட்டு எடுத்துட்டுப் போ.

அதெல்லாம் ஆவாதுன்னு களவுப் படத்தையே பாத்துத் தொலைச்சேன்னு வையி, ராத்திரியோட ராத்திரியா "ஒளிப்பதிவு சுமார்"னு விமர்சனம் எழுதி ஒண்ணரை ஸ்டார் போடாதே. நீ பாத்த அந்த ஒளிப்பதிவு படத்துக் கேமராமேன் பண்ணினது இல்லலே, சட்டைப்பைக்குள்ள போனை வச்சுக்கிட்டு நடுங்கி நடுங்கி எடுத்தவன் பண்ணினது. ஸ்டாரை அவனுக்குக் குடு.