உக்காந்து வெட்டு மாப்ளே

ஏ மாப்ளே, எங்க அக்கா, அதான் உன்னைப் பெத்த மகராசி, போன் போட்டு மூக்கைச் சிந்துதா. சாயங்காலமானா உனக்குக் கத்திரிக்கோல் பிடிக்கக்கூட கை வர மாட்டேங்குதாமே? உன்னைக் கேட்டா, "ஒண்ணுமில்ல மாமா, கொஞ்சம் அசதி" அப்படீங்க. கொஞ்சம் அசதி உள்ளவன் பட்டன் வைக்கையிலே ஊசியும் கையுமாவாடே உறங்குவான்?

நல்லவேளை, டாக்டர்கிட்ட போன. அவரும் ஒரு டானிக்கை எழுதித் தள்ளிவிடாம, ரத்தம் குறைவா இருக்கா, தைராய்டு இருக்கா, ராத்திரி உறக்கத்துல மூச்சு சரியா ஓடுதான்னு எல்லாம் பாத்துட்டுத்தான் பழைய போலியோ மேல கையைக் காட்டினாரு. நீதான் நம்ப மாட்டேன்ட்ட. "ரெண்டு வயசுல வந்தது, அம்பது வருஷம் கழிச்சு என்ன மாமா?"ன்னு என்கிட்ட சண்டைக்கு வந்த. நம்ம நாட்டுல கடைசியாப் போலியோ வந்தது 2011 ஜனவரியில, ஹௌரா பக்கம் ஒரு பச்சப் பிள்ளைக்கு. 2014-ல உலக சுகாதார நிறுவனம் 'இந்தியாவுல போலியோ இல்லை'ன்னு சீட்டே குடுத்துட்டுது. நாட்டை விட்டுப் போயிட்டுது, சரி. உன் காலை விட்டுப் போச்சான்னு அந்தச் சீட்டுல எழுதியிருக்கா?

டாக்டர் அனுப்பிவச்ச ஆக்குபேஷனல் தெரபி பிள்ள அன்னைக்கு விளக்கிச் சொன்னதை நான்தான் உக்காந்து கேட்டேன். நீ ஃபேனைப் பாத்துக்கிட்டிருந்த. அந்தக் கிருமி உன் முதுகுத்தண்டுல தசையை ஆட்டிவைக்கிற நரம்பு செல்லுல நெறையக் கொன்னு போட்டுது. தப்பிச்சது சும்மா இருக்கல. அக்கா தங்கச்சி போய்ச் சேந்த பிறகு அவங்க பிள்ளைகளையெல்லாம் தன் வீட்டுல கொண்டுவந்து வளக்குற தாய்மாமன் மாதிரி, நாதியத்துக் கிடந்த தசைநாருக்கெல்லாம் புதுசாக் கிளை விட்டு, எல்லாத்தையும் ஒத்தை ஆளா இழுத்துப் பிடிச்சுக்கிட்டுது. அதான் நீ எந்திரிச்சு நடந்த. பல மடங்கு பாரத்தை இத்தனை வருஷம் இழுத்த அந்த நரம்பு, விட்ட கிளையை இப்போ ஒண்ணொண்ணா உதிர்க்குது. குறைஞ்சது 15 வருஷம் நல்லா இருந்துட்டு, அப்புறமா இப்படித் திரும்புமாம். அந்த மாமன்கிட்ட போயி, "இன்னும் ரெண்டு பிள்ளைக்குச் சோறு போடு"ன்னு தெனமும் விரட்டுனா, அவன் ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டே ஓடிருவான்.

நீ விரட்டத்தான செஞ்ச! எவனும் ஒரு சொல்லு சொல்லிரக்கூடாதுன்னு, கால்ல காலிபரை மாட்டிக்கிட்டு கட்டிங் டேபிளுக்கு முன்னால நாள் முழுக்க நிப்ப. ரெண்டு காலும் நல்லாருக்கவன் ஸ்டூல் கேப்பான். நீ கேக்க மாட்ட. ஊரே உன்னைப் புகழ்ந்துச்சு. புகழ்ந்தவன் ஒருத்தனாவது வந்து ஒரு பட்டி மடிச்சுக் குடுத்தானா?

அந்தப் பிள்ள குடுத்த தாளை எடு. மணிக்கு மணி என்ன செஞ்ச, எவ்வளவு சிரமம்னு நம்பர் போடணும். நம்பர் 6-ல ஆரம்பிச்சு 20-ல முடியுது. எந்த ஊர்லடே 6-ல இருந்து எண்ணுவாங்கன்னு கேட்டேன். பத்தால பெருக்கினா நாடித்துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும், போர்க்னு ஒரு சுவீடன்காரர் செஞ்ச ஏற்பாடு தாத்தான்னுது. தாத்தாவாம்! அது போகட்டும். நீ எல்லாக் கட்டத்துலயும் 11, 11னு போட்டு வச்சிருந்த. உன் பொண்டாட்டிதான் அடிச்சுட்டு நிசத்தை எழுதினா. காலையில குளியலுக்கு 16! குத்தவச்சு உக்காந்து, வாளியில மோந்து ஊத்தி, சுவரைப் பிடிச்சு எந்திரிச்சு, துண்டால ஒடம்பை அழுத்தித் தொடச்சு... ஒரு ப்ளவுஸ் தைக்கிறதை விடக் குளிக்கிறதுக்குக் கூலி ஜாஸ்தி ஆயிருக்கே! திங்கக்கிழமை ஒடம்பு நல்லாருக்குன்னு கல்யாண வீட்டு ப்ளவுஸ் அத்தனையும் ஒரே இருப்புல முடிச்சிருக்க. செவ்வா, புதன் ரெண்டு கட்டத்துலயும் 'படுக்கை'. எவன் வீட்டுக் கணக்குடே இது?

அசந்து விழுந்த பிறகு படுக்கிறதை அந்தப் பிள்ள ஓய்வுக் கணக்குலயே சேக்கல. அசதி வர்றதுக்கு முன்னாலயே, பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் கொஞ்ச நேரம் சாயணும்; கஸ்டமர் வந்து நின்னாலும் சாயணும். இந்த வித்தையில நான் ஊருக்கே வாத்தியார். விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து பதினோரு மணிக்குத் திண்ணையில சாயுதவன். உங்க அத்தை அதுக்கு வேற பேரு வச்சிருக்கா, அதை விடு.

குளியலறையில ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடு. ஷவரை ஹோஸோட மாட்டு. தொடச்சுத் தொடச்சு மல்லுக்கட்டாம, பெரிய துண்டைச் சுத்திக்கிட்டு சும்மா உக்காரு, ஈரத்தை அதுவே குடிச்சுக்கும். கடையில முதுகு சாயுற உயர ஸ்டூல் ஒண்ணு. வெட்டுறதும் அதுல இருந்துதான். மேல் தட்டுல இருக்க லைனிங் துணியை இடுப்பு உயரத்துக்கு இறக்கு. கனமான இஸ்திரிப் பெட்டியைக் காயலாங்கடைக்குப் போட்டுட்டு லேசானதா வாங்கு. மிஷினுக்கு மோட்டார் மாட்டச் சொன்னா, "மிதிச்சாத்தான் தையல் அழகா வரும்"ங்க. உன் தையலைப் போட்டுக்கிட்டுத் திரியுதவன் நான். எனக்குத் தெரியாதா அதோட அழகு?

இன்னொண்ணு கேட்டுது பாரு அந்தப் பிள்ள, அதுதான் எனக்குப் பிடிச்சுது. கனடாக்காரங்க கேள்வித்தாளாம். எந்தெந்தக் காரியம் உனக்கு முக்கியம், அதை இப்போ எப்படிச் செய்யுத, உனக்குத் திருப்தியா, ரெண்டுக்கும் பத்துக்கு மார்க் போடுன்னுது. நீ 'எல்லாம்தான்'ன்ன. 'எல்லாம்'னு ஒரு வேலை கிடையாதுன்னு அது விடல. கடைசியில, சாயங்காலம் மகளோட தெப்பக்குளம் வரை போயி பேசிட்டு வரணும்னு வாயைத் திறந்த. மார்க்கு? ரெண்டு. அடப்பாவி, வேலைன்னா கூலி வாங்குறது மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இதைச் சொல்லவா இவ்வளவு கூச்சம்? அதுக்குத் தெம்பு வேணும்னா காலையிலயே மிச்சம் பிடிக்கணும். காஜாவைப் பையன்கிட்ட தள்ளு. பட்டனையும் தள்ளு. கரண்ட் பில் கட்ட நீயே வண்டியை எடுத்துட்டுப் போற பழக்கத்தை விடு. போன்லயே கட்டலாம்னு உன் மகளே சொல்லுதா.

அதுக்காக என்னைப் பாத்து ஒரேயடியாத் திண்ணையே கதின்னு ஆயிராதே. அசைக்காத தசையும் இளைச்சுப் போகும். நெதர்லாந்துல நைமேகன்னு ஒரு ஊர்ல, தசை நரம்புக் கோளாறும் தீராத அசதியும் உள்ள 53 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சு 2019-ல வெளியிட்டிருக்காங்க. ஒரு பங்கு ஆளுக்கு நாலு மாசம் அளவான உடற்பயிற்சியும், தெம்பை எதுக்குச் செலவழிக்கணும்ங்கிற பாடமும். தங்களுக்கு முக்கியமான காரியத்தை அவங்களால முன்னைவிட நல்லாச் செய்ய முடிஞ்சிருக்கு. உனக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவுன்னு அந்தப் பிள்ளையும் பிசியோகாரரும்தான் முடிவு பண்ணணும். யூடியூபைப் பாத்து நீயாக் குந்தி எந்திரிக்காதே. மறுநாளும் வலி இருந்தா, அது வீரம் இல்ல, ஓவர்டைம்.

தீபாவளி வருது. இத்தனை துணிக்கு மேல எடுக்க மாட்டேன்னு இப்பவே போர்டு எழுதி வை. கெஞ்சுதவங்க வருவாங்க, அதுல முதல் ஆளு உங்க அத்தைதான். உறுதியா இல்லைன்னு சொல்லிரு, நான் சொன்னதா மட்டும் சொல்லாத. மோட்டாருக்குப் பணம் நான் தாரேன். இனாம்னு நினைக்காதே, என் சட்டைத் தையல் கூலியிலயும் உன் மச்சினன் பேண்ட்லயும் கழிச்சுக்குவேன். பதினோரு மணி ஆகப்போகுது, நீ போய்ச் சாயி.