குமணன்சாவடிச் சைக்கிள்: மூலமும் இடைச்செருகலும்

குன்றத்தூர்ச் சாலை பிரியும் குமணன்சாவடிச் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. அதன் சுவரில் சாய்ந்து நிற்கும் 28 அங்குல ஆண் சைக்கிளே இவ்வாய்வின் மூலப்பிரதி. பிரதி சிதைவுற்றது. சீட்டின் மேல்தோல் இல்லை, பின் மட்கார்டு பாதி இல்லை. பெல் மட்டும் அடிக்கிறது.

இதன் காலமும் குலமும் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. டீக்கடை மரபினர் இதை "வெள்ளக்காரன் காலத்து வண்டி" என்பர். தாம் பிறப்பதற்கு முந்தைய எல்லாவற்றையும் அவர்கள் அந்தக் காலத்தில்தான் வைப்பார்கள் என்பதால் இது சான்றாகாது. அம்பத்தூரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றோர் மரபு, கழுத்துக் குழாயில் ஆணியடித்திருக்கும் ஹெர்குலஸ் தகட்டைக் காட்டி, "எங்க கம்பெனி வண்டிங்க" என்று முடித்துவிடும். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கூட்டாக 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பர்மிங்காமில் பிறந்த ஹெர்குலஸை அம்பத்தூர்க்காரன் ஆக்கியது உண்மை. ஆனால் தகடு ஒரு பாயிரம் போன்றது. நூலாசிரியரே எழுதியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்றாவதான காயலாங்கடை மரபு, "எந்த ஊரா இருந்தா இன்னா, இருபது கிலோ தேறும்" என்கிறது. மூன்றில் அளவுகோல் வைத்திருப்பது இந்த மரபு ஒன்றே.

இனி அகச்சான்று. பெரிய பல்சக்கரத்தில் பி.எஸ்.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. பி.எஸ்.ஏ.வோ ஆதியில் பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனி. அதன் சின்னமே சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். ஆக, தகடு ஒன்று சொல்ல, சக்கரம் வேறு சொல்கிறது. முன்போர்க்கோ இரண்டையும் மறுக்கிறது. பக்கத்துக்கு ஒரு குழாய் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டிரண்டு, மொத்தம் நான்கு. இந்த இரட்டைப் போர்க் ஹம்பர் வண்டியின் அங்க அடையாளம். ஹம்பர் சைக்கிள் உரிமையை 1932இல் ராலே வாங்கியது. பின்னாளில் ராலேயின் கூட்டோடு ஆசன்சோலில் நடந்த சென்-ராலே ஆலையிலிருந்தும் ஹம்பர் வந்தது. ஒரே வண்டிக்கு மூன்று தகப்பன்மார்!

வரி வில்லை இருந்திருந்தால் காலமாவது தேறியிருக்கும். சைக்கிளுக்கு வரி வாங்கிய நாளில் உள்ளாட்சிகள் ஆண்டு பொறித்த வில்லை கொடுத்தன. நம் பிரதியில் அதைக் கட்டிய கம்பி மட்டும் எஞ்சியுள்ளது.

வழக்கைத் தீர்த்தது மெக்கானிக்கின் சுத்தியல். கிராங்கைக் கழற்ற முதலில் காட்டர்பின் வரவேண்டும். அது வரவில்லை. இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் நட்டைப் பின்னின் நுனிவரை தளர்த்தி, மரை நசுங்காதபடி அதன் தலையில் தட்டினார். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ் மேல் இறங்கும். நாலாவது அடியில் பின் வந்தது. வலப்பக்கக் கப்பைப் பிறகு எதிர்த்திசையில் திருகிக் கழற்றினார் (ஆங்கிலேய வண்டிகளில் அந்தப் பக்கம் மரை தலைகீழ், தெரியாமல் பலம் காட்டியவர்கள் மரையை அழித்திருக்கிறார்கள்). தேய்ந்த கப்புக்குப் பதில் புதியதைப் போட்டபோதுதான் அந்தத் திருவாக்கு வந்தது: "ரெண்டு சுத்துல நின்னுடுச்சு சார். இது நம்ம மரை இல்ல."

சாதாரண வண்டிகளின் கப்பில் அங்குலத்துக்கு 24 மரை. ராலே மட்டும் பிடிவாதமாக 26 வெட்டியது; பிறர் கப் அதில் முழுதாக நுழையாது. தகட்டை மாற்றலாம், பெயிண்டை மாற்றலாம். மரையைக் கூட்டவோ குறைக்கவோ குமணன்சாவடியில் யாருக்கும் அவசியம் இருந்திருக்காது. ஹெர்குலஸ் தகட்டைப் பெயர்த்தோம். அடியில், பெயிண்ட் பூசி அடைத்த வேறு இரண்டு ஆணித்துளைகள்! எனவே ஃபிரேமும் போர்க்கும் ஹம்பர், பல்சக்கரம் இடைச்செருகல், தகடு வெறும் பொய்.

மூலபாடத்தை மீட்பது எப்படி? டயர் சிக்கலில்லை. ஒன்றரை அங்குல அகலத்தில் 28 இன்றும் இங்கே கிடைக்கிறது. வெளிநாட்டுப் பழவண்டிப் பிரியர்களே இந்தியச் சாமான்களைத் தேடி வாங்குகிறார்கள். முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று கம்பி கோத்துக் கோட்டமும் எடுத்தாயிற்று. பெயிண்டில்தான் சண்டை. மேலே சில்வர், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே கறுப்பில் ஒரு தங்கக் கோடு. மொத்தமாகச் சுரண்டிப் புதிதாக அடித்துவிடலாம் என்பது பலர் கட்சி. அந்தக் கோடு தெரியும் இடத்தில் உப்புத்தாளை வைப்பது ஏட்டை அலம்பி எடுப்பதற்குச் சமம் என்பது என் கட்சி. வண்டிக்காரர் கட்சி தனி: "எங்கப்பா ஹெர்குலஸ்னுதான் வாங்குனாரு. தகட்ட திரும்ப அடிச்சுடுங்க." அடித்தாயிற்று. உரிமையாளர் உரைக்கு முன் ஆராய்ச்சி நிற்காது.

ஒரே ஒரு குறை. ஹம்பரின் அசல் பல்சக்கரத்தில் ஐந்து மனித உருவங்கள் வெட்டியிருக்கும். அப்படி ஒன்று உங்கள் பரணில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் கடைக்குச் சொல்லியனுப்புங்கள். காயலாங்கடை விலைக்கு மேல் ஐம்பது ரூபாய் சேர்த்துத் தருகிறோம், டீ தனி.