முனகாத முதுகு

பிசியோதெரபி மாணவர்களுக்குக் கைவேலையை மெய்நிகர் கண்ணாடி மாட்டிக் கற்றுக்கொடுக்கும் காலம் இது. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு! முத்துப்பேட்டைப் பக்கம் நடவு முடித்துச் சேற்றுக் காலோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் அம்மாளைத் தொட வேண்டியதில்லை. மெய்நிகர் நோயாளிக்கு வியர்க்காது. தைல வாடை கிடையாது. “அங்க இல்லப்பா, கொஞ்சம் கீழ” என்று குறுக்கே பேசவும் மாட்டார்.

தசை வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. அதில் 1 வம்பு பிடித்த எண். மூட்டு அசையாது, தசையின் லேசான துடிப்பு பல நேரம் விரல் நுனிக்கு மட்டுமே தெரியும். அந்த விரல் பழகுவதற்குள் எத்தனை முதுகுகள், எத்தனை முனகல்கள்! கண்ணாடிக்குள் அந்த இடம் பச்சையாக மின்னினால் தீர்ந்தது வேலை. சென்னை ஐஐடியின் டச் லேப் மட்டும் ஏனோ தொடு உணர்வை இயந்திரத்தில் வரவழைக்கப் பாடுபடுகிறது. தொடுவது கடினம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ.

அடுத்து, அதே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டுக் காயலில் வலை வீசுவதையும் இப்படியே பழக்கிவிடலாம். மீன் குழம்பையும் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கண்ணாடிக்கு முன்னோடியாக 1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்த தலைமாட்டியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். முன்னேற்றம் பாருங்கள், குவெஸ்ட் 3 கண்ணாடியின் 515 கிராமையும் இன்று கழுத்தே சுமக்கிறது.

அரைநாள் பயிற்சி முடிந்ததும் மாணவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் தெருக்கோடிக்கு நடப்பார். அங்கே சுளுக்கு வழிக்கும் பாட்டி நல்லெண்ணெயோடு திண்ணையில் இருப்பார். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்பதில்லை. விரல் நேரே அங்கேதான் போகும்.