இரண்டாயிரத்தில் ஒரு புது பாத்ரூம்

பட்ஜெட் 2,000 ரூபாய். டைல்ஸ்காரர் வந்தார், சுவரைத் தட்டினார். "எல்லாத்தையும் ஒடச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் சார்" என்றார். ஒட்டுவதைவிட உடைப்பதில்தான் அவருக்குப் பிரியம். காபி கொடுத்து அனுப்பிவிட்டு நானே இறங்கினேன்.

போர்த் தண்ணீரின் உப்பு 15 வருடமாக டைல்ஸில் படிந்து கிடந்தது. ஆசிட் ஊற்றினால் கறை நுரைத்துக் கரையும்; கூடவே இடுக்குச் சிமெண்டும் கரையும். (அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு, பாத்ரூமுக்குப் பதில் ஆளை மாற்ற வேண்டியதுதான்.) ஆகவே வினிகர், பழைய டூத்பிரஷ், இடுக்குகளுக்குக் கொஞ்சம் வெள்ளை சிமெண்ட்.

மூன்றாம் நாள் டைல்ஸின் நிஜ நிறம் தெரிந்தது: இளம்பச்சை.

"சாம்பல் கலர்னு நெனச்சுல்ல மேட்சா பக்கெட், கப்பு எல்லாம் வாங்கினேன்!" என்றாள் மனைவி.

பட்ஜெட்டில் மீதி 40 ரூபாய். கப்பு மட்டும் வரும்.